போர்ட் அகஸ்டா முதல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை: கேரவன் பயணம், கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் நடுவே ஓடும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கேரவன் (காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துச் செல்ல நினைப்பவர்கள் கேட்டவை இவை. தூரம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்.

கே: பிள்ளைகளுக்கு டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா?

வேண்டவே வேண்டாம். அங்கே அது கொளுத்தும் கோடை. இந்தச் சாலைக்குக் கிழக்கே இருக்கும் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் நடுவழியில் டயர் மாற்றிப் பார்த்தால் தெரியும். ஜூலை விடுமுறையில் போங்கள். இரவில் நடுங்கும்; கம்பளி இருந்தால் போதும்.

கே: ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

இல்லை. வழி நெடுகத் தார்ச்சாலைதான்.

கே: அண்ணா, என் கார் 2,500 கிலோ இழுக்கும். வாங்கியிருக்கும் கேரவன் 2,000 கிலோ. பிறகு எதற்கு எல்லோரும் எடை எடை என்று பயமுறுத்துகிறார்கள்?

அந்த 2,000 எந்த 2,000, தம்பி? கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று, எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக்கூடாத எடை. விற்பவர் வாயில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான். 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினாலே 180 கிலோ. அதன்மேல் கேஸ் சிலிண்டர், பேட்டரி, கூடாரத் துணி, நாற்காலிகள், நம் வீட்டு அரிசி மூட்டை, கிரைண்டர். (கிரைண்டரை வீட்டில் விட்டுப் போனால் குடும்பம் கலையாது.) கிளம்புமுன் எல்லாவற்றையும் ஏற்றி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். கொக்கியின்மேல் இறங்கும் பாரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. கனமானவை சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். பின்னால் சைக்கிள்களைத் தொங்கவிட்டால் முன்பாரம் குறையும்; எதிரே பெரிய லாரி கடக்கும் காற்றில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். அந்தப் பொத்தான் எங்கே என்று கிளம்பும் முன்பே கை பழகியிருக்க வேண்டும்.

கே: ரோட் டிரெயினை எப்படி முந்துவது?

ஏன் முந்த வேண்டும்? 53.5 மீட்டர் நீளம் வரை வரும் லாரி அது. அதன் ஓட்டுநர் உங்களை முந்த நீங்கள்தான் வழிவிட வேண்டும். வண்டிக்கு வண்டி பேச உதவும் யு.எச்.எப். ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்திருந்தால் அவரே பேசுவார்.

கே: பெட்ரோலுக்குக் கஷ்டமா?

கிளண்டம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. கேரவன் இழுக்கும் கார் வழக்கத்தைவிட மிக அதிகம் குடிக்கும், எதிர்க்காற்று வேறு. பாதித் தொட்டி இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.

கே: மெல்பர்னிலிருந்து வருகிறோம். தக்காளி, பச்சை மிளகாய் கொண்டுவரலாமா?

கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ பரவாமல் இருக்க, எல்லைப் பக்கம் ரென்மார்க் அருகே யம்பாவில் வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். தக்காளித் தொக்காகக் கிளறிக் கொண்டுவாருங்கள், சமைத்ததற்குத் தடையில்லை.

கே: கூபர் பீடியில் ஒரு நாள் போதுமா? மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் உடன் வருகிறார்.

இரண்டு இரவு தங்குங்கள். 1915இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் கண்ணில் ஓபல் கல் பட்டதால் உருவான ஊர். வெயிலுக்குப் பயந்து மண்ணைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். வெளியே எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே 25 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். பாறைக்குள் குடைந்த செர்பிய தேவாலயத்தை அப்பாவுக்குக் காட்டுங்கள். சுவரிலும் கூரையிலும் குடைந்த இயந்திரத்தின் வட்ட வரிகள் அப்படியே தெரியும். ஊருக்கு வெளியே மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுக்கிறேன் என்று பின்னோக்கி நடக்காதீர்கள். அதற்கென்றே எச்சரிக்கைப் பலகை உண்டு. தண்ணீர் அங்கே நிலத்தடியிலிருந்து எடுத்து உப்பு நீக்கப்படுவது, தாராளமாகச் செலவழிக்காதீர்கள்.

கே: இருட்டிய பிறகு ஓட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாமா?

கங்காருவும் மாடும் சாலைக்கு வருவதே அந்த நேரத்தில்தான். பல இடங்களில் வேலி கிடையாது. மாலை நான்கு மணிக்கு நிறுத்திவிடுங்கள். பிம்பாவுக்கு வடக்கே ஹார்ட் உப்பு ஏரியை ஒட்டி ஓய்விடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி வூமரா ராணுவச் சோதனைத் தளத்தின் எல்லைக்குள் வருகிறது; ஓய்விடத்தைத் தாண்டி உள்ளே வண்டியை ஓட்டிப் போகாதீர்கள்.