மாலை போட்ட வீடும் குறைமாதக் குழந்தையும்

கேள்வி: 31 வாரத்தில், 1,400 கிராம் எடையில் பிறந்த என் மகனுக்கு இப்போது நான்கு மாதம். இதயத்தில் சின்ன ஓட்டையும் உண்டு. வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். குளிர்காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, மாமியார் தினமும் சாம்பிராணி போடுகிறார். சளி பிடிக்காமல் எப்படிக் காப்பது?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: ஆரியங்காவுப் பக்கமிருந்து வரும் காற்று சளியைக் கொண்டுவராது. மலையிலிருந்து திரும்பும் சாமிகள் கொண்டுவரலாம். கூட்டத்தில் ஒட்டிய வைரஸ் இருமலாக வெளிப்படச் சில நாள் ஆகும். அதற்கு முன்பே பரவவும் தொடங்கிவிடும். தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குச் சேரும். உங்கள் மகனுக்கு அந்த நாட்கள் முழுதாக வாய்க்கவில்லை.

இருமுடி இறக்கியதும் குளியல், மாற்றுத்துணி. ஒரு வாரம் வேறு அறையில் படுக்கட்டும். தொட்டில் பக்கம் வந்தால் மாஸ்க். அரவணை வாங்க வரும் சொந்தக்காரர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் பழியை டாக்டர் மேல் போடுங்கள், தப்பில்லை. யார் தூக்கினாலும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். முத்தம் வேண்டாம்.

சாம்பிராணியும் கொசுவர்த்தியும் இன்றோடு போதும். புகை பட்டால் மூச்சுக்குழாய் வீங்கும். இவனுக்கோ அது ஏற்கெனவே ஒடுக்கம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, உங்களைவிட ஒரு சட்டை அதிகம் போட்டுவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும், கற்பூரத் தைலம் வலிப்பை வரவழைக்கும். மூக்கடைத்தால், பால் கொடுக்க 10 நிமிடம் முன்பு சலைன் (உப்புநீர்) சொட்டு, துளைக்கு ஒன்று.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு: 6, 10, 14 வாரம். குறைமாதம் என்று தள்ளாதீர்கள். ஃப்ளூ ஊசி அவனுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகுதான். அதனால் பெரியவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், மலைக்குக் கிளம்பும் நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

இப்போதே செய்ய ஒன்று: அவன் நன்றாகத் தூங்கும்போது சட்டையை ஏற்றிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பும். சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இதய ஓட்டை இருந்தால் வழக்கமான மூச்சே வேகமாக இருக்கலாம். அந்த எண்ணை டாக்டரிடம் காட்டி, எத்தனைக்கு மேல் பயப்பட வேண்டும் என்று கேளுங்கள். டாக்டர் வேறு எண் சொல்லாதவரை, பொதுக்கணக்கு நிமிடத்துக்கு 50. அதைத் தொட்டாலும், விலாவுக்கடியில் குழி விழுந்தாலும், பால் பாதியாகக் குறைந்தாலும், 100.4 டிகிரி காய்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால் 108. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ராத்திரி டூட்டி டாக்டருக்கு ஓட்டை இருப்பது தெரியாது.