அகதி முகாம் மாணவர்களின் சமூக, மனவெழுச்சிக் கற்றலுக்குப் பள்ளி எப்படித் துணை நிற்கலாம்?

திருச்சி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அதில் ஒன்றிலிருந்து எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பல வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் போரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போர் முடிந்தது 2009 மே மாதம். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு இங்கேயே பிறந்தது. குண்டுச் சத்தம் கேட்டது அதன் பாட்டி. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக்குப் படகேறி வந்த குடும்பங்களின் கதை வேறு. இங்கே பிறந்த பிள்ளையின் பாரம் எது என்று எனக்குக் காட்டியது ஒரு சொல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணிடம் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "ஓம் டீச்சர், விளங்கிட்டுது" என்றாள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் எழுந்தாலே பின்பெஞ்சிலிருந்து "ஓம் நமசிவாய" என்று குரல் வரும். நான் அந்தப் பையன்களை எழுப்பி நிறுத்திக் கடுமையாகத் திட்டினேன். அது பெரிய தவறு. திட்டு வாங்கித் தந்தவள் என்ற பெயரும் அவள் தலையில் விழுந்தது. அரையாண்டுத் தேர்வு வரை அவள் எனக்குத் தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

முகாமில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ். வாசலைத் தாண்டும்போதே "கதைக்கிறது" தொண்டைக்குள் போய் "பேசுறது" வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை நாள் முழுக்கத் தன் நாக்கைத் தானே காவல் காக்கிறது. சமூக, மனவெழுச்சிக் கற்றல், அதாவது தன் உணர்வுகளைப் புரிந்து பிறரோடு பழகக் கற்பதில், முதலில் சொல்லப்படுவது தன்னை அறிதல். வீட்டுப் பேச்சையே ஒளித்து வைக்கிற பிள்ளை தன்னை எங்கே அறிவது?

பிறகு ஒரு வேலை செய்தேன். வட்டார வழக்குப் பாடம் வந்தபோது, யாரையும் தனியாகச் சுட்டாமல், "உங்க வீட்ல தாத்தா பாட்டி சொல்ற அஞ்சு வார்த்தை எழுதிட்டு வாங்க" என்றேன். 'ஆம்' என்பதுதான் 'ஓம்' என்று ஆனது என்பதையும் பாடத்தோடு பாடமாகச் சொல்லிவிட்டேன். கல்லணைப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க தாத்தா வெள்ளனே வயலுக்குப் போயிடுவாரு" என்று படித்தான். இந்தப் பெண் நிமிர்ந்தாள். "எங்கட அம்மம்மாவும் வெள்ளன எண்டுதான் சொல்லுவா." அவன் திரும்பி, "நெஜமாவா?" என்றான். அதற்குப் பிறகு அந்த இரண்டு நோட்டும் அருகருகே இருந்தன. 'ஓம் நமசிவாய' ஒரே நாளில் நின்றுவிடவில்லை, மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அடுத்தது வருகைப் பதிவு. முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளை 'செக்கிங்' என்பார்கள். உதவித்தொகை அதை ஒட்டித்தான் வரும். 2021-இல் அதை உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 500. அப்படி ஒரு நாளில் வராத பிள்ளையை மறுநாள் "நேத்து எங்க போன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அது என்ன சொல்லும்? வயிற்றுவலி என்று சொல்லும். நாம்தான் பொய் சொல்லப் பழக்குகிறோம். முகாமில் ஒருவரிடம் தேதி கேட்டு வைத்துக்கொண்டாலே போதும். பெற்றோர் கூட்டமும் அப்படியே. அப்பாக்களில் நிறையப் பேர் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள், வேலை நாளில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். படிவங்களில் குடியுரிமை, சாதிச் சான்று கேட்கும் இடங்களைத் தனியாக அழைத்துப் பேசி நிரப்புங்கள். தயவுசெய்து "முகாம் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லாதீர்கள்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் வேறு கேள்வி வரும்: "படிச்சு என்ன டீச்சர் செய்றது?" இதற்குத் தன்னம்பிக்கைப் பேச்சு பேசினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டத்தை நாம் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டில் வாழும் ஒரு பெண்மணி, நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

இதை வகுப்பில் சொன்ன அன்று ஒரு பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "எங்க அப்பா 90-ல வந்தவர் டீச்சர். அப்ப எனக்கு?" இப்போதைக்கு வழி இல்லை என்றே சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது, அதை நான் மறைக்கவில்லை. மாலையில் அவனை உட்கார வைத்து, பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று இரண்டு பேருமாக ஒரு தாளில் எழுதினோம். முகாம் அடையாள அட்டை நகல் என்று முதல் வரியை அவனே எழுதினான்.