கோயில்காட்டில் பட்டுப்போன இலுப்பை: வெட்டலாமா, விடலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் குலதெய்வ சாஸ்தா கோயிலைச் சுற்றி இலுப்பை, மருதம், நாவல் என்று பழைய மரங்கள் நிற்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு முன் ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். ஒரு பெரிய இலுப்பை பட்டு நிற்கிறது. அதை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் நடலாமா?

பதில்: முதலில், ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். மரத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. வண்டி ஏறி மண் இறுகினால் மரம் உடனே சாகாது. சில வருடம் கழித்து உச்சிக்கிளை காயும். அதற்குள் காரணம் எல்லோருக்கும் மறந்திருக்கும். திருவிழா வண்டிகளும் வெளியிலேயே நிற்கட்டும்.

பட்ட இலுப்பை சாய்ந்தால் கோயில் மேலோ, பொங்கலிடும் இடத்திலோ, பாதையிலோ விழுமா என்று மட்டும் பாருங்கள். விழாதென்றால் அப்படியே விடுங்கள். விழுமென்றால் கிளைகளை இறக்கிவிட்டு, அடிமரத்தை இரண்டு ஆள் உயரத்துக்காவது விட்டுவையுங்கள். இறக்கிய கட்டை ஓரமாகக் கிடந்து மக்கட்டும், விறகுக்கு ஏலம் விட வேண்டாம். உளுத்த மரத்தில் மரங்கொத்தி சுலபமாகப் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும். அவற்றுக்குக் குடையத் தெரியாது. பக்கத்து வயலில் எலி பிடிக்க வருவதும் அந்த ஆந்தைதான்.

சருகைக் கூட்டி எரிப்பது, மரத்தை வெட்டுவதைவிடக் கெடுதல். பங்குனி வெயிலிலும் ஓரிடத்தில் சருகை விலக்கிப் பாருங்கள்: மேலே மொறுமொறுவென்று இருக்கும், அடியில் கறுத்து, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடி, மண்ணில் லேசாக ஈரம் இருக்கும். அதற்குள் விரல் நீள இலுப்பைக் கன்று நின்றாலும் நிற்கும், வௌவால் பழம் தின்று போட்ட கொட்டையில் முளைத்தது. நர்சரிக் கன்றுக்குச் செலவழிக்கும் காசில், இவற்றை ஆடு கடிக்காமல் முள்வேலி போடுங்கள். 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு–முண்டந்துறையின் மழைக்காட்டிலும் இதுதான் நடக்கிறது. பெருமரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் இறங்கும். நிழலில் வருடக்கணக்காகக் குறுகி நின்ற கன்று விறுவிறுவென்று மேலேறும்.

சரி, எதைத்தான் எடுப்பது? சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும். வெட்டினால் இரண்டும் மறுபடி தழையும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கடப்பாரை, மம்பட்டியால் வேரோடு எடுங்கள், அதுவும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக எடுத்தால் வெயில் பட்ட வெறுமண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் முளை பிடுங்க ஆள் வேண்டும்; இதைப் பேசாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்புறம், கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தாலோ, இடம் புறம்போக்கு என்றாலோ, பட்ட கிளையானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே கை வையுங்கள்.