நான்கு பக்கம் பத்து நாளாகக் கிடக்கிறது

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. நீச்சல் வீராங்கனை. அவள் நேரங்களை நூறில் ஒரு நொடி வரை நோட்டில் குறித்து வைப்பவன் நான். ஒன்பது மாதமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள். மற்ற பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை வெளியில் எழுதப் போகிறாளாம். அணித் தேர்வில் இடிக்குமோ என்று பயம். எழுதிய நான்கு பக்கத்தை என்னிடம் தந்து பத்து நாளாகிறது, இன்னும் படிக்கவில்லை. எப்படித் தடுப்பது?

பதில்: பத்து நாளா? நூறில் ஒரு நொடியை விடாமல் குறிக்கிறவருக்கு, நான்கு பக்கம் படிக்கப் பத்து நாள் போதவில்லையா? ஊருக்குச் சொல்லும் முன் அப்பாவிடம் சொல்லத்தான் அதைக் கொடுத்தாள். பெற்றவர் காது கொடுக்காத விஷயத்தைப் பிள்ளை வெளியில் போய்த்தான் சொல்லும்.

இன்றிரவே படியுங்கள். கையில் பேனா வேண்டாம், திருத்தக் கொடுத்த கட்டுரை அல்ல அது. படித்ததும் அவளிடம் போய், தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, "சாகணும்னு எப்பவாவது தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆமாம்' என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எழுத்து காத்திருக்கட்டும்.

'இல்லை' என்றால், தடுக்காதீர்கள். ஆனால் எப்போது, எப்படி என்பது முக்கியம். கூடைப்பந்து வீரர் கெவின் லவ்வுக்கு 2017 நவம்பரில் ஆட்டத்தின் நடுவே பீதித் தாக்குதல், அதாவது திடீரென்று ஆட்டிப்படைக்கும் கடும் பயம், வந்தது. அவர் அதை எழுதியது 2018 மார்ச்சில், இடையில் ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கிய பிறகு. உங்கள் மகளும் தூக்கமும் சாப்பாடும் சில வாரமாவது நிலைப்பட்ட பிறகே வெளியிடட்டும். பயிற்சியாளருக்கும் அணி மருத்துவருக்கும் முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். தேர்வு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் ஊர் வாயால் கேள்விப்பட்டால்தான் சிக்கல் பெரிதாகும்.

மருந்தின் பெயர், அளவு, உடல் எடை, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட விதம் எதுவும் எழுத்தில் வேண்டாம். துவண்டு கிடக்கிற இன்னொரு பிள்ளை அதை அப்படியே செய்து பார்க்கலாம். யாரிடம் முதலில் சொன்னாள், மருத்துவர் என்ன கேட்டார், எத்தனை வாரத்தில் தூக்கம் திரும்பியது என்பதை எழுதட்டும், அதுதான் உதவும்.

ஊக்கமருந்துச் சோதனைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் இல்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரலாம், தூக்கம் கெடலாம், நோயும் திரும்பலாம். வேறு மருந்து எழுதினால் மட்டும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியான அன்றிரவே முகம் தெரியாத பிள்ளைகள் அவளுக்கு எழுதத் தொடங்குவார்கள். சிலர் சாகப்போவதாகவும் எழுதுவார்கள். 19 வயதுப் பெண் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. உதவி எண்ணோடு ஒரே பதிலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, முதல் இரண்டு வாரம் அவள் கணக்கை, அவள் சம்மதித்தால், நீங்கள் பாருங்கள். வசவுகளை நீக்குங்கள். நோட்டில் நேரம் குறிக்கிற அதே கண்ணால், ஒன்று விடாமல்.