பெங்காசேயில் திரும்பியது சரியா?

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தமிழ் மாணவர் கழகத்தின் சார்பில் சென்ற மாதம் 16 பேர் உலு லங்காட் வழியாக நுவாங் மலைக்குச் சென்றோம். வன இலாகாவின் அனுமதி பெற்றிருந்தோம். உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரும் உடன் வந்தார். பயிற்சிக்காக இரண்டு வாரம் பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கினோம். வேன் தாமதமாக வந்ததால் நடக்கத் தொடங்கும்போது காலை 8.40 ஆகிவிட்டது. உச்சிக்கு முன்னால் உள்ள பெங்காசே சிகரத்தை அடைந்தபோது பிற்பகல் 2.40. அங்கே ஒரு மாணவிக்குக் காலில் தசைப்பிடிப்பு ஏற்பட்டது, வாந்தியும் எடுத்தாள். தொலைவில் இடி முழங்கியது. “இவளால் முடியவில்லை, அதனால் எல்லாரும் திரும்புவோம்” என்று குழுத்தலைவன் என்ற முறையில் சொன்னேன். “முன்வைத்த காலைப் பின்வைக்கலாமா?” என்று கேட்டுவிட்டு நால்வர் மட்டும் உச்சிக்குப் போனார்கள். நாங்கள் மாலை 7.15க்கு அடிவாரத்துக்கு வந்தோம். அவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் இறங்கி இரவு 9.10க்கு வந்தார்கள். இப்போது உச்சியில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் போடுகிறார்கள். மற்றவர்களும் என்னைக் கோழை என்கிறார்கள். அந்த மாணவி கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். என் முடிவு தவறா? அந்த நால்வரையும் கழகத்திலிருந்து நீக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, நீங்கள் திரும்பியது சரி. ஆனால் திரும்புவதற்கு நீங்கள் சொன்ன காரணம் தவறு. முதல் செய்தியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கழகத்தில் இன்று நிலவும் மனக்கசப்போ இரண்டாவதிலிருந்து முளைத்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இரண்டையும் பேசிவிடுவோம்.

முதலில் கணக்கு. நுவாங் சிலாங்கூரின் உயர்ந்த மலைகளில் ஒன்று. உயரம் 1,493 மீட்டர். பாங்சுன் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு வழியே ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். மலையேறிகள் இன்றும் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்றுண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தது அது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் உயரத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். அதன்படி நுவாங் உச்சிக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய ஊரின் குளிர்ந்த மலைகளில், ஓய்வின்றி நடக்கும் பழகிய கால்களுக்கானது. வேரும் சேறும் புழுக்கமும் நிறைந்த நம் காட்டில், அதுவும் 16 பேர் கொண்ட குழு ஒருவருக்கொருவர் காத்திருந்து நடக்கும்போது, பாதி நேரத்தையாவது கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆறு மணி நேரம் என்று வையுங்கள். 8.40க்குப் புறப்பட்டால், யாருக்கும் எந்த உபாதையும் வராமலிருந்தாலே உச்சிக்கு 2.40, படம் எடுத்து, பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு இறங்கத் தொடங்கும்போது 3.15, இறங்க நான்கரை மணி நேரம் என்றால் இரவு 7.45. அதாவது, அன்றைக்கு உச்சி உங்களுக்கு இல்லை என்பது பெங்காசேயில் முடிவான செய்தியன்று. வேனுக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தபோதே அது முடிந்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பத்துமலைப் பயிற்சியைக் குறை கூற எனக்கு மனமில்லை. முருகன் சந்நிதியில் தொடங்குவதில் என்ன தவறு? ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு படியின் உயரம் 18 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 272 படிகளும் சேர்ந்து 50 மீட்டரைத் தொடுவதில்லை. நுவாங்கின் ஏற்றத்துக்கு ஈடாக அந்தப் படிகளை 24 முறைக்கு மேல் ஏற வேண்டும். தோளில் மூன்று லிட்டர் தண்ணீரோடு, ஒரே நாளில், இடையில் இளநீர் வாங்கிக் குடிக்காமல். அந்தப் பயிற்சி உங்களுக்கு மூச்சைத் தந்தது. இறக்கத்தில் உடலின் எடை முழுவதையும் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசைகளை அது போதுமான அளவு பழக்கவில்லை. மலையில் கால்கள் நடுங்குவதும் சறுக்கி விழுவதும் பெரும்பாலும் களைத்த கால்களோடு இறங்கும்போதுதான்.

தொடர்ந்து சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பெங்காசேயிலிருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடியும் செங்குத்தாக ஏறித்தான் உச்சியை அடைய வேண்டும். திரும்பும்போதும் அதே பள்ளம், அதே ஏற்றம். தசைப்பிடிப்போடு வாந்தியும் எடுத்த ஒருவரை அதில் இரண்டு முறை நடத்துவதை நினைத்துப் பாருங்கள். உயரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். வெப்பக் களைப்பிலும் வாந்தி வரும். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் வரும். நிழலில் உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு மெல்ல இறக்குவதுதான் செய்யக்கூடியது. பேச்சுக் குழறினாலோ இடம் பொருள் புரியாமல் விழித்தாலோ அது அவசர நிலை. நீங்கள் அந்தக் கட்டத்துக்குக் காத்திராமல் முன்னதாகவே இறங்கினீர்கள்.

இடி முழக்கத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாடு இடியும் மின்னலும் மிகுந்த வட்டாரத்தில் இருக்கிறது. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும், மலை முகட்டில் நிற்பவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. மின்னலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கீழே இருக்கும் ஆறு. மேலே பெய்த மழை, அடிவாரத்தில் ஒரு துளிகூட விழாத வேளையில், ஆற்றில் திடீர்ப் பெருக்காக வந்து இறங்கும். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். நம் ஊர் அருவிகளில் குளித்துக்கொண்டிருந்த குடும்பங்களையே அது அடித்துச் சென்றிருக்கிறது. நீங்கள் லோலோ முகாமையொட்டிய ஆற்றைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில் நீரின் நிறம் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் தெரியும். அப்போது கடக்காமல் மேட்டில் காத்திருக்கலாம். கைப்பேசி வெளிச்சத்தில் அவற்றில் எது தெரியும்? மழையில் நனைந்து, காற்றில் நின்று, வயிறும் காலியாக இருந்தால் நம் வெப்ப நாட்டிலும் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 1,400 மீட்டரில் கோலாலம்பூரைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகவே இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சிறு குறுக்குப் பேச்சு. 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு மேல் மறைவது பழகிவிட்டது. அதனால் இன்னும் நேரமிருக்கிறது என்ற மயக்கமும் பழகிவிட்டது. திறந்த வெளியில் 7.15 வரை வெளிச்சம் இருக்கலாம். அடர்ந்த காட்டுக்குள் ஆறரை மணிக்கே வேரும் கல்லும் ஒரே நிறமாகிவிடும்.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். “இவளால் முடியவில்லை, அதனால் திரும்புவோம்” என்று 16 பேர் முன்னிலையில் சொன்னீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் தாமதமான வேனும், திரண்ட மேகமும், போதாத பயிற்சியும் மறைந்துபோய், ஒரு பெண் மட்டும் நின்றாள். உச்சியை இழந்தவர்களுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தது. நீங்கள் அக்கறையோடுதான் சொன்னீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவள் இன்று கூட்டத்துக்கு வராததற்கு வாட்ஸ்அப் படங்களைவிட அந்த வாக்கியமே காரணமாக இருக்கும். காலையில் அடிவாரத்திலேயே எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, “எங்கே இருந்தாலும் பிற்பகல் 1.30க்குத் திரும்புகிறோம்” என்று அறிவித்திருந்தால், உங்களைத் திருப்பியது கடிகாரமாக இருந்திருக்கும். கடிகாரத்தோடு யாரும் மனத்தாங்கல் கொள்வதில்லை. இன்னொன்றும் என் கண்ணில் பட்டது: வழிகாட்டி என்ன சொன்னார் என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அந்த மலையை உங்கள் எல்லாரையும்விட நன்கு அறிந்தவர் அவர். திரும்பும் நேரத்தை அவரோடு கலந்து முதல் நாளே முடிவு செய்வது தலைவரின் வேலை.

அந்த நால்வரைப் பற்றி. என் கல்லூரி நாள்களில் நானும் அப்படிப்பட்ட நால்வரில் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஒரே ஒரு டார்ச், அதுவும் பாதி வழியில் அணைந்துபோனது. முன்னால் போகிறவனின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பல ஆண்டுகள் அதை வீரக்கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்காக ஒரு நண்பனின் அம்மா நள்ளிரவு வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை அந்தக் கதையில் நான் சேர்த்ததே இல்லை. ஆகவே நீக்கம் வேண்டாம் என்பேன். நீக்கினால் அவர்கள் அந்தப் படங்களை இன்னும் பெருமையாகப் போடுவார்கள். ஆனால் ஒரு கேள்வியை அவர்கள் முன் வைத்தே ஆக வேண்டும். வழிகாட்டி ஒருவர்தான், அவர் நோயுற்ற மாணவியோடு இறங்குகிறார். உச்சிக்குப் போன நால்வரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தால், அவர் யாரை விட்டுவிட்டு யாரிடம் போவார்? சமிக்ஞை கிடைக்காத இடத்திலிருந்து 999ஐ அழைப்பது யார்? எந்த முகாமில் காத்திருப்பது என்றாவது பேசிவைத்தார்களா? நல்லபடியாக வந்து சேர்ந்தது அவர்களுடைய திறமையைக் காட்டவில்லை. அன்று மழை அவர்கள் பக்கம் வரவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. இதைக் குழுவில் எழுதாதீர்கள். நேரில் அழைத்து, ஆளுக்கொரு தே தாரிக்கோடு உட்கார்ந்து, அந்த நாளை மணிக்கணக்காக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, கையில் எவ்வளவு தண்ணீர், கைப்பேசியில் எவ்வளவு பேட்டரி. எழுதி முடிக்கும்போது பேச்சின் தொனி மாறியிருக்கும். அடுத்த பயணத்தில் அவர்களில் வலுவான இருவரை ஸ்வீப்பராகப் போடுங்கள். வரிசையில் கடைசியாக, மிக மெதுவாக நடப்பவருக்கும் பின்னால் நடப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த மாணவியிடம் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். 8.40, 2.40, 7.45 என்ற மூன்று நேரங்களை எழுதிக் காட்டி, “நீ நலமாக இருந்திருந்தாலும் நாம் திரும்பியிருக்க வேண்டும், நான்தான் அதை உன் பெயரில் சொல்லிவிட்டேன்” என்று சொல்லுங்கள். பிறகு அதையே கழகக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எல்லார் காதிலும் விழச் சொன்னதைத் தனியாகத் திருத்தினால் போதாது. உங்களைக் கோழை என்றவர்களுக்கும் அந்தக் கூட்டமே பதிலாகிவிடும். தனியே வாதிட வேண்டியதில்லை.

அடுத்த பயணத்துக்கு நுவாங் வேண்டாம். லோலோ வரையிலான அந்த முடிவில்லாத அகன்ற பாதையும், மலாயில் அட்டை என்றே பெயர் வாங்கிய பாச்சாட் முகாமும் எங்கேயும் போய்விடாது; அடுத்த ஆண்டு போகலாம். (அட்டைக்குப் பயப்படுபவர்கள் காலுறையில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்ளட்டும்; பால்மரம் சீவப் போன நம் பாட்டிமார்களின் வைத்தியம் அது. அவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் காலணியைத்தான் இன்று கம்போங் அடிடாஸ் என்று சொல்லி மலையேறிகள் தேடி வாங்குகிறார்கள். ஈரப்பாதையில் அது நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு.) ஒரு வார இறுதியில் எல்லாரையும் பினாங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் தண்ணீர்மலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை அருகிலுள்ள தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதையில் ஏறுங்கள். ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார் போட்ட பாதை என்றாலும் சரிவு முழங்காலைப் பதம்பார்க்கும். அதன் பெரிய வசதி, மேலே போனதும் 1923 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயில் இருப்பது. களைத்தவர்கள் ரயிலில் இறங்கலாம், நடக்க விரும்புபவர்கள் நடக்கலாம். யாருக்காகவும் யாரும் திரும்ப வேண்டிய நிலை வராது. அந்த மாணவி மறுபடி வரச் சம்மதித்தால் இப்படிப்பட்ட மலைக்குத்தான் வருவாள்.

அங்கேயும் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே அறிவியுங்கள். ஆளுக்கொரு விசில், ஒரு தலைவிளக்கு, உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி தேவை என்று பொருள் என்பதை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பாதையின் பெயரையும், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் 999க்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வேன் ஓட்டுநரிடம் மட்டும் புறப்படும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.