அக்காவுக்கு இரண்டு, அப்பாவுக்கு மட்டும் ஏன் மொத்தமும்?

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது நீலச் சாயம் போட்டு, அக்குளில் இரண்டே நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்த்து, ‘பரவவில்லை’ என்று மீதியை விட்டுவிட்டார்கள். இப்போது 66 வயது அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அங்கே எல்லாவற்றையும் எடுக்கணும் என்கிறார் டாக்டர். அதே சாயத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாமா?
— ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? புற்றணுவும் அப்படித்தான் ஓரிடத்தில் முதலில் போய்ச் சேர்கிறது. அந்த முதல் நெறிக்கட்டி, அதாவது முதல் முடிச்சுதான் சென்டினல் நோட். அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன் 1992இல் மெலனோமா என்ற தோல் புற்றில் சாயம் போட்டு அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். மார்பகத்துக்கு அது பிறகு வந்தது.

அக்காவுக்கு அதில் மிஞ்சியது கை. அக்குளை முழுக்க வழித்தெடுத்தால் சிலருக்குக் கை வீங்கிக் காலமெல்லாம் தொல்லை. குடலில் அந்தக் கணக்கே கிடையாது. ரத்தக் குழாயை அடியில் கட்டிக் குடலை வெட்டும்போது, கொழுப்பும் முடிச்சுகளும் கூடவே வந்துவிடும். விட்டுவைத்து அப்பாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் முடிச்சைத் தாண்டி அடுத்ததில் புற்று உட்கார்ந்திருப்பதும் உண்டு. குடலில் சாயம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த முடிச்சை மெல்லிசாகச் சீவிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இரைப்பை என்றால் உங்கள் கேள்விக்கு வலு அதிகம். அங்கே முதல் முடிச்சில் புற்று இல்லையென்றால் இரைப்பையின் பெரும்பகுதியை விட்டுவைக்கலாம்; மிச்சமாவது சாப்பாடு. தென்கொரியாவில் ஆரம்பக் கட்ட இரைப்பைப் புற்று நோயாளிகளிடம் இதை முயன்று 2022இல் முடிவைச் சொன்னார்கள். மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் வழக்கமான அறுவையில் 95.5 சதவீதம், இரைப்பையைக் காத்த முறையில் 91.8. சாப்பாடும் உடம்பும் இரைப்பை காக்கப்பட்டவர்களுக்கே மேல். ஆனால் ‘பழையதற்கு இது குறைந்ததில்லை’ என்று நிரூபணம் ஆகவில்லை. எனக்கு இன்னும் தயக்கம்தான்.

சரி, நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மேற்படிப்பின்போது நோய்க்குறியியல் அறையில், எடுத்த கொழுப்பை விரலால் பிசைந்து முடிச்சு தேடியிருக்கிறேன். புளியிலிருந்து கொட்டை எடுப்பது போலத்தான். அவசரப்பட்டால் சின்னது நழுவிவிடும். ஒன்றில் புற்று இருந்தாலே மூன்றாம் நிலை, பெரும்பாலும் கீமோ உண்டு. அதனால் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். குறைவாக இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லி மறுபடி தேடச் சொல்லுங்கள். ஃபார்மலினில் மீதிக் கொழுப்பைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள்.