கொய்யாக் கட்டை ஏன் வெடிக்கிறது?

கேள்வி: கொல்லையில் விழுந்த கொய்யா மரத்தைத் துண்டு போட்டு மாடி வெயிலில் காயவைத்தேன். பம்பரமும் கரண்டியும் செய்ய ஆசை. பத்தே நாளில் எல்லாம் நடுவிலிருந்து வெடித்துவிட்டன. என்ன தவறு?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வெயிலில் போட்டதும் தவறு, முழு உருளையாக விட்டதும் தவறு. மரத்தின் ஈரம் பக்கங்களைவிட வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். உள்ளே ஈரம் இருக்கும்போதே முனை சுருங்குவதால் கீறல் விழுகிறது. தவிர, மரம் நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுற்றுவட்டமாகச் சுருங்கும். முழு உருளை அதைத் தாங்காது. கொய்யா போன்ற இறுகிய மரத்தில் இந்த வெடிப்பு ஆழமாகவே போகும்.

அடுத்த முறை, வெட்டிய அன்றே தேவைக்கு மேல் இருபுறமும் 2 அங்குலம் விட்டு அறுங்கள். நடுப்புள்ளி வழியாக வாள் போட்டு இரண்டாக்கிப் பட்டையை உரித்துவிடுங்கள். பூச்சி ஒளிவது அதன் அடியில்தான். மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, கொதிக்கும் நீருக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். வெட்டுமுகம் முழுவதும், பக்கங்களில் ஓர் அங்குலம் வரையும் பூசுங்கள். பிறகு காற்றோடும் தாழ்வாரத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள்.

எத்தனை மாதம் என்று கணக்குப் பார்ப்பதைவிடத் தராசை நம்புங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எண் மாறாவிட்டால் வேலைக்குத் தயார். ஐப்பசி, கார்த்திகையில் எடை ஏறினால் பயப்படாதீர்கள், மழைக்காற்றின் ஈரத்தைத்தான் குடித்திருக்கிறது. நம் டெல்டாவில் தையில் அடுக்குவதே நல்லது.

கேள்வி: விறகுக் கடையில் பலா என்று கொடுப்பது பலாதானா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பச்சை மரமானால் பட்டையைக் கீறுங்கள், பிசுபிசுவென்று வெள்ளைப் பால் வரும். காய்ந்த கட்டையானால் வைரப் பகுதியில், அதாவது நடுவிலுள்ள இறுகிய மரத்தில், ஒரு சிம்பு செதுக்குங்கள்: வெளியே பழுப்பு, உள்ளே மஞ்சள். அந்தச் சிம்பைக் கொதிக்கவைத்தால் தண்ணீரும் மஞ்சளாகும். தஞ்சாவூர் வீணைக்குக் குடைவது இந்த மரத்தைத்தான். பட்டையை ஒட்டிய வெளிறிய மரமான வெளிறை ஒதுக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள்.

கேள்வி: மாமரப் பெட்டியிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறதே?
- வாசகி, திருவாரூர்

பதில்: மாமரத்தில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தின்னும் வண்டின் புழு துளைத்த தூள் அது. இனி செய்யும்போது, பலகை பச்சையாக இருக்கையிலேயே 1 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து, எல்லாப் பக்கமும் ஊறப் பூசி, இரண்டு வாரம் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, அதன் பிறகு உலர்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் சாமான் செய்யும் மரத்துக்கு இந்தக் கரைசல் கூடவே கூடாது.